நாணல்: காவலா? களையா?



இன்றைய பேச்சு ஒரு புல்லைப் பற்றியது. அந்தப் புல்லின் பெயர் நாணல். சில ஊர்களில் கொறுக்கை என்பார்கள். மலையாளத்தில் ஞாங்ஙண என்பார்கள்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் இருப்பவர்கள் இதை வாய்க்கால் ஓரத்தில் பார்த்திருப்பார்கள். குளக்கரையில் பார்த்திருப்பார்கள். பட்டாம்பி, ஒற்றப்பாலம் பக்கம் போனால் ஆற்றின் நடுவிலேயே காடுபோல் உயரப் புல் நிற்பதைப் பார்க்கலாம்.

நாணலைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள்.

"இது களை. தண்ணீரை மறிக்கிறது. பாம்பு அடைகிறது. வேரோடு பிடுங்கி எறிய வேண்டும்" என்பார் ஒருவர்.

"இது கரையைக் காக்கிறது. தண்ணீரைச் சுத்தம் செய்கிறது. இதைத் தொடக் கூடாது" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒரே புல் எப்படி நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும்? இதைத் தெரிந்துகொண்டால், நம் ஊர்க் குளத்தில் நிற்கும் நாணலை என்ன செய்வது என்று நாமே முடிவு செய்யலாம்.

எது நாணல்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாணல் என்ற பெயரில் பல புற்களை அழைக்கிறோம். ஆற்று மணலில் மெல்லிய தாளுடன் வளர்ந்து, பஞ்சு போல வெள்ளையாகப் பூக்கும் புல் ஒன்று. அதையும் நாணல் என்கிறோம். இங்கே சொல்வது அதைவிடத் தடித்த தண்டு உள்ள புல். இதன் தண்டு உள்ளே கூடாக இருக்கும். கணுக்கள் இருக்கும். இரண்டு ஆள் உயரம், மூன்று ஆள் உயரம்கூட வளரும். நுனியில் பழுப்பு நிறத்தில் குஞ்சம் போலப் பூ வரும்.

இடுக்கி மலைக்காரர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். அங்கே காட்டில் 'ஈற்ற' என்று ஒன்று உண்டு. கூடை முடைவதும் பாய் நெய்வதும் அதில்தான். பெயர் பெற்ற கண்ணாடிப்பாய் அதில் செய்வது. காட்டு யானைக்கும் அது பிடித்த தீனி. ஆனால் ஈற்ற ஒரு வகை மூங்கில். அது வேறு, நாணல் வேறு.

நாணல் உலகம் முழுவதும் வளர்கிறது. பனிக்கட்டி மூடிய தென்துருவக் கண்டத்தில் மட்டும்தான் இல்லை. ஈராக் நாட்டின் சதுப்பு நிலங்களில் வாழும் மக்கள் நாணலைக் கட்டுக் கட்டாகக் கட்டி, வளைத்து, பெரிய வீடுகளே கட்டுகிறார்கள். நம் நாட்டிலும் கூரை வேய, தட்டி கட்ட, பாய் முடைய நாணல் உதவியது. அந்தக் காலத்தில் எழுதுகோலும் இதில் செய்தார்கள். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு நாணல் ஒரு பழைய உறவு என்றே சொல்லலாம்.

நாணல் செய்யும் நன்மை

நீர் தேங்கி நிற்கும் நிலத்தை ஈரநிலம் என்கிறோம். ஆண்டு முழுவதும் நீர் நிற்கலாம். சில மாதம் மட்டும் நிற்கலாம். குளம், ஏரி, சதுப்பு, ஆற்றங்கரைப் பள்ளம் எல்லாம் ஈரநிலமே. நெல் வயலும் ஒரு வகையில் ஈரநிலம்தான். ஈரநிலத்தின் ஓரத்தில் நாணல் நிற்கும்.

நாணலின் பாதி உடல் மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணுக்கு அடியில் அதற்குத் தண்டு உண்டு. மஞ்சள், இஞ்சிக்குக் கிழங்கு ஓடுவது போல அது பக்கவாட்டில் ஓடும். ஓடும் இடமெல்லாம் வேர் விடும். ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து கரையை அறுக்கும்போது இந்த வேர்ப்பின்னல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளம் நாணல் கூட்டத்துக்குள் நுழைந்தால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால், நீரில் கலந்து வரும் மண்ணும் சேறும் அடியில் படிகின்றன. அந்தப் பக்கம் வெளியே வரும் நீர் கொஞ்சம் தெளிந்து வரும்.

மீன் குஞ்சுகள் பெரிய மீன்களுக்குப் பயந்து நாணல் இடுக்கில் ஒளிந்துகொள்கின்றன. தவளை முட்டையிடுகிறது. கானாங்கோழி கூடு கட்டுகிறது. தவளையும் மீன் குஞ்சும் கொசுப் புழுவைத் தின்னும். பறவையும் தவளையும் வயலில் பூச்சியைத் தின்னும். குளக்கரையில் நாணல் நின்றால் அதன் பயன் வயல் வரை போகிறது.

நாணல் அழுக்கை எப்படிப் போக்குகிறது?

இது கவனமாகக் கேட்க வேண்டிய செய்தி.

சேற்றுக்கு அடியில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் பல செடிகளின் வேர் அழுகிவிடும். நாணலின் வேர் அழுகுவதில்லை. ஏன்? அதன் தண்டு கூடாக இருக்கிறது அல்லவா? அது ஒரு குழாய் போல. மேலே இருக்கும் காற்று அந்தக் குழாய் வழியாக இறங்கி வேருக்குப் போகிறது. அதில் கொஞ்சம் காற்று வேரிலிருந்து சேற்றுக்குள் கசிகிறது.

அந்தக் காற்றை நம்பி, வேரைச் சுற்றிக் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள் அவை. வீட்டுக் கழிவுநீரில் சோற்றுக் கஞ்சி, மலம், சிறுநீர், சோப்பு எல்லாம் கலந்து வருகிறது. அந்த அழுக்கை இந்த நுண்ணுயிர்கள் தின்று உடைக்கின்றன. உடைந்தவற்றில் ஒரு பங்கை நாணல் உரமாக எடுத்துக்கொள்கிறது. ஒரு பங்கு வாயுவாக மாறிக் காற்றில் கலக்கிறது. இன்னொரு பங்கு மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொள்கிறது.

அதாவது பெரும்பாலான வேலையைச் செய்வது நுண்ணுயிர்கள். அவற்றுக்கு இடமும் காற்றும் கொடுப்பது நாணல்.

1950களில் ஜெர்மனி நாட்டில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி, நீர்ச்செடிகளை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய முடியுமா என்று ஆராய்ந்தார். முடியும் என்று காட்டினார். பிறகு பல நாடுகளில் நாணல் படுகைகள் வந்தன. நம் நாட்டில் மத்தியப் பிரதேச மாநிலம் உஜ்ஜயினி நகரில் 1990களில் ஒரு குடியிருப்பின் கழிவுநீரை நாணல் நட்ட சரளைக்கல் படுகையில் விட்டுச் சோதித்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. புதுச்சேரியில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீரும் தொட்டிகளில் தெளிந்து, நீர்ச்செடி நட்ட சரளைக்கல் படுகை வழியாகப் போகிறது. அந்த நீர் தோட்டத்துக்குப் பயன்படுகிறது.

இந்தப் படுகைக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். மின்சாரமும் அதிகம் வேண்டாம். ஆனால் இடம் வேண்டும். பராமரிக்க ஆள் வேண்டும்.

நாணல் எப்போது களையாகிறது?

நாணலின் பலம் எதுவோ அதுவே அதன் ஆபத்தும் ஆகும். மண்ணுக்கு அடியில் ஓடும் தண்டு நிற்காமல் ஓடும். ஒரு துண்டு ஒடிந்து வேறு இடத்தில் விழுந்தாலும் அங்கே முளைக்கும். விதை காற்றில் பறக்கும். குளத்தில் சேறு நிறைந்து ஆழம் குறைந்தால் நாணல் நடுக்குளத்துக்கே வந்துவிடும். உரமும் சாக்கடையும் கலந்த நீர் வந்தால் இன்னும் செழித்து வளரும். மற்ற செடிகளுக்கு வெயில் விடாது. வாய்க்காலை அடைக்கும். வாய்க்காலின் தலைமடையில் இருப்பவருக்கு நீர் கிடைக்கும். கடைமடையில் இருப்பவர் வயல் காயும்.

இதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் பார்ப்போம்.

முதலாவது, தூரத்து நாடு. வட அமெரிக்காவில் பழங்காலம் முதலே நாணல் உண்டு. அது அடக்கமாக வளர்ந்தது. பிறகு திடீரென்று எங்கும் பரவியது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. 2002ஆம் ஆண்டு கிறிஸ்டின் சால்டன்ஸ்டால் என்ற பெண் விஞ்ஞானி பழைய நாணல்களையும் புதிய நாணல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பரவுவது உள்ளூர் நாணல் அன்று, வெளியிலிருந்து வந்து சேர்ந்த வேறு வகை என்று கண்டுபிடித்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கரையைத் தோண்டிய இடங்களிலும், உரம் கலந்த நீர் சேரும் இடங்களிலும் அந்த வந்தேறி நாணல் வேகமாகப் பரவுகிறது.

இரண்டாவது, ஒடிசா மாநிலத்தின் சிலிகா ஏரி. இது கடலோடு சேர்ந்த பெரிய ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த வாய் மணலால் தூர்ந்தது. உப்பு நீர் உள்ளே வருவது குறைந்தது. ஏரி நீர் இனிக்கத் தொடங்கியது. உடனே நாணலும் மற்ற நன்னீர்க் களைகளும் பரவின. மீன் குறைந்தது. மீனவர்கள் தவித்தார்கள். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். உப்பு நீர் மறுபடி வந்தது. களை பரவிய இடம் குறைந்தது. மீன் பெருகியது. ஆனால் ஏரியின் வடக்குப் பக்கத்தில் ஆறுகள் சேறு கொண்டுவந்து கொட்டும் இடத்தில் நாணல் இன்னும் அடர்ந்து நிற்கிறது.

மூன்றாவது, நம் பாரதப்புழை.

பாரதப்புழை 209 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. ஆனைமலையில் பிறக்கிறது. பாலக்காடு வழியாகப் போய் பொன்னானியில் கடலில் சேர்கிறது. சித்தூர்ப்புழையும் கல்பாத்திப்புழையும் காயத்ரிப்புழையும் தூதப்புழையும் இதன் கிளைகள். சித்தூர்ப்புழைக்குச் சோகநாசினி என்று ஒரு பெயர் உண்டு. சோகத்தைப் போக்குபவள் என்று பொருள்.

ஒரு காலத்தில் பாரதப்புழை என்றால் வெள்ளை மணல்தான் நினைவுக்கு வரும். ஆற்று மணல் ஒரு பஞ்சு மெத்தை போல. மழை நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கரையோரக் கிணறுகளில் நீர் நிற்பதற்கு அந்த மணல் ஒரு காரணம்.

வீடு கட்ட, கட்டடம் கட்ட, பல ஆண்டுகளாக லாரி லாரியாக மணல் போனது. ஆற்று மணல் எடுப்பதைக் கட்டுப்படுத்த 2001ஆம் ஆண்டு கேரள அரசு சட்டம் கொண்டுவந்தது. அதற்குள் பல இடங்களில் மணல் போய்ச் சேறும் களிமண்ணும் வெளியே வந்துவிட்டன. மேலே பல அணைகள். மலம்புழை அணை 1955இல் வந்தது. மற்ற கிளைகளிலும் அணைகள் வந்தன. ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் ஓடும் நீர் குறைந்தது.

மணல் இல்லை, சேறு இருக்கிறது. ஓட்டம் இல்லை, தேக்கம் இருக்கிறது. ஊர்ச் சாக்கடையும் வயல் உரமும் வந்து சேர்கின்றன. நாணலுக்கும் அதன் இனத்து உயரப் புற்களுக்கும் இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆற்றின் நடுவில் புல்காடு வளர்ந்தது. கோடையில் அது காய்ந்து தீப்பிடிக்கிறது. அங்கே கூடு கட்டிய மயிலும் மற்ற உயிர்களும் தீயில் அழிகின்றன.

இந்த மூன்று கதையிலும் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் மாறியது நீரும் மண்ணும். நாணல் பின்னால்தான் வந்தது. உடம்பில் காய்ச்சல் இருந்தால் உள்ளே ஏதோ நோய் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம். நாணல் வரம்பு மீறிப் பரவினால், அந்த நீருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மலை மேலே ஒரு பாடம்

இப்போது இடுக்கிக்குப் போவோம். மூணாறு என்ற பெயரே மூன்று ஆறுகள் சேரும் இடம் என்று சொல்கிறது. அங்கிருந்து முதிரப்புழை இறங்கிப் பெரியாற்றில் சேர்கிறது. பெரியாறு கீழே ஆலுவா பக்கம் போகும்போது கொச்சி நகருக்குக் குடிநீர் கொடுக்கிறது.

மலையில் தேயிலைக் காட்டுக்கு நடுவே பள்ளமான இடங்களில் நீர் ஊறி நிற்கும். புல்லும் கோரையும் வளர்ந்திருக்கும். பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத சேறு போலத் தெரியும். ஆனால் ஓடைக்குக் கோடையில் நீர் தருவது அந்தச் சேறுதான். மேட்டிலிருந்து வரும் அழுக்கை முதலில் தடுப்பதும் அதுதான். அதை மண் போட்டு மூடினால் என்ன ஆகும்? லயங்களின் கழிவும், கடைகள், தங்கும் விடுதிகளின் கழிவும் நேரே ஓடையில் விழும். ஓடையிலிருந்து ஆற்றுக்குப் போகும். மேலே இருப்பவர் கொட்டும் அழுக்குத் தண்ணீர், கீழே இருப்பவர் குடத்தில் வந்து சேரும்.

நெல் வயலையும் ஈரநிலத்தையும் காக்கக் கேரளத்தில் 2008ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. நினைத்தபடி மண் போட்டு மூட அந்தச் சட்டம் இடம் தருவதில்லை. இது எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி.

என்ன செய்யலாம்?

நாணலை வெட்டுவதற்கு முன் நாலு பேர் சேர்ந்து குளத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். எங்கிருந்து சாக்கடை வருகிறது? எங்கே கரை இடிந்து சேறு சேருகிறது? மதகு அடைபட்டிருக்கிறதா? இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றைச் சரி செய்யாமல் நாணலை மட்டும் வெட்டினால், அது மறுபடி வளரும்.

கரையில் நிற்கும் நாணல் இருக்கட்டும். வாய்க்காலுக்குள்ளும் மதகுக்கு முன்னும் நடுக்குளத்திலும் நிற்பதை எடுக்க வேண்டும்.

தீ வைக்க வேண்டாம். மேலே இருப்பது எரியும். மண்ணுக்குள் இருக்கும் தண்டு எரியாது. அடுத்த மழைக்கு இன்னும் அடர்த்தியாக முளைக்கும்.

நீர் நிற்கும் இடத்தில் பச்சைத் தண்டை நீர்மட்டத்துக்குக் கீழே அறுங்கள். தண்டு ஒரு காற்றுக் குழாய் என்று முன்பே பார்த்தோம். குழாயின் வாய் நீருக்குள் மூழ்கினால் வேருக்குக் காற்று போகாது. கிழங்கு அழுகும். புதிய துளிர் நீருக்கு மேலே வந்தால் மறுபடி அறுக்க வேண்டும். ஒரு தடவை அறுத்தால் போதாது.

ஜேசிபி இயந்திரம் கொண்டு தோண்டினால், வேலை முடிந்ததும் அதைக் கழுவிவிட்டு அனுப்புங்கள். ஒட்டிக்கொண்டு போகும் கிழங்குத் துண்டு அடுத்த ஊர்க் குளத்தில் முளைக்கும்.

அறுத்த நாணலைக் குளத்திலேயே போட வேண்டாம். அது அழுகி நீரைக் கெடுக்கும். கரையேற்றி, தட்டி கட்டலாம், வேலி அடைக்கலாம், தென்னைக்கு மூடாக்குப் போடலாம். மாடு இளம் நாணலைத் தின்னும். ஆனால் ஆலைக் கழிவு கலந்த இடத்தில் வளர்ந்ததை மாட்டுக்குப் போடக் கூடாது. அங்கே உள்ள நஞ்சு செடியிலும் இருக்கலாம்.

பள்ளிக்கூடம், அங்கன்வாடி, லயம் போன்ற இடங்களில் நாணல் படுகை கட்டலாமா? கட்டலாம். ஆனால் கழிவுநீர் முதலில் மூடிய தொட்டியில் தெளிய வேண்டும். பிறகு சுமார் 2 அடி ஆழமுள்ள சரளைக்கல் படுகைக்குப் போக வேண்டும். அழுக்கு நிலத்தில் இறங்காமல் அடியில் பூச்சு வேண்டும். நீர் கல்லுக்கு அடியிலேயே ஓட வேண்டும். மேலே தெரிந்தால் கொசு வரும். எத்தனை பேருக்கு எவ்வளவு இடம் என்று பொறியாளர் கணக்குப் போட வேண்டும். நாணலைப் பக்கத்து வாய்க்காலிலிருந்தே எடுத்து நடலாம். வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டாம். படுகையைச் சுற்றிச் சுவர் வேண்டும். இல்லாவிட்டால் அது வயலுக்குள் போய்விடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. நாணல் படுகையிலிருந்து வரும் நீர் தோட்டத்துக்கு ஆகும். குடிக்க ஆகாது.

இந்த வேலைகளைத் தனி ஆள் செய்ய முடியாது. குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் பேசலாம். கிராம சபையில் எழுந்து கேட்கலாம். மனுவாக எழுதியும் கொடுக்கலாம். எழுதத் தெரிந்த கைக்கு அது நல்ல வேலை.

அன்பானவர்களே, நாணல் தன் இயல்புப்படி வளர்கிறது. நீர் நல்லபடி ஓடும் இடத்தில் கரையில் நின்று காவல் காக்கிறது. நீரை நாம் கெடுத்த இடத்தில் உள்ளே நுழைந்து இடத்தைப் பிடிக்கிறது. காவலாக இருப்பதும் களையாக ஆவதும் நாம் நீரை வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் நாணல் எங்கே நிற்கிறது? பத்து ஆண்டுகளுக்கு முன் எங்கே நின்றது? பெரியவர்களிடம் கேளுங்கள்.

2. உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது?

3. நாணலுக்குத் தீ வைத்தால் அது ஏன் அழிவதில்லை?

4. உங்கள் குளத்தைப் பற்றிக் கிராம சபைக்கு ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள்.